பதினைந்து விசைக்குள் ஒரு வேலை

விண்டோஸுக்கு முன் பிசிகளை இயக்கிய டாஸின் காலத்தில், கட்டளைகளை வரிவரியாக எழுதி வைக்கும் பேட்ச் ஃபைலுக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது. அது ஒரு நிரலைத் தொடங்கி வைக்கும். அந்த நிரல் முடிந்ததும் அடுத்த வரிக்குப் போகும். இடையில் நிரல் ஏதாவது கேட்டால் பேட்ச் ஃபைல் வாய் திறக்காது. ‘கோப்பின் பெயர் என்ன?’, ‘நிச்சயமாகவா?’, ‘டிஸ்கைச் செருகிவிட்டு என்டர் தட்டவும்’ என்று எது வந்தாலும் பதில் சொல்ல ஒருவர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தே ஆகவேண்டும். அந்த ஒருவரை எழுந்து போகவிடுவதற்காக 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் மக்கள் கண்டுபிடித்த வழிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கீபோர்டில் தட்டிய ஒரு விசை கம்ப்யூட்டருக்குள் எங்கே போகிறது, எங்கே காத்திருக்கிறது, கடைசியில் யார் கையில் சேர்கிறது என்று நான் கற்றுக்கொண்டது முழுக்க இந்தத் தேவையால்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு அந்தத் தேவை வந்த இடம் ஈரோடு. ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஐபிஎம் பிசி எக்ஸ்டியைப் பார்த்து வேறொருவர் செய்த நகல். 640 கிலோபைட் நினைவகம், 20 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், பச்சை எழுத்து மானிட்டர், பக்கத்தில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரலில் கடைக்கு ஒரு தாள். மாலையில் கேஷியர் அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் திறந்து அச்செடுப்பார். எந்தக் கடையானாலும் அவர் தட்டும் விசைகள் ஒன்றேதான். சாய்கோடு, எஃப், ஆர், கோப்பின் பெயர், என்டர் தட்டினால் தாள் திறக்கும். சாய்கோடு, பி, பி, ஏ, ஜி தட்டினால் அச்சு ஓடும். அப்புறம் க்யூ தட்டி அச்சு மெனுவை விட்டு வெளியே வருவார். அடுத்த கடை. பிரிண்டர் ஓடி முடிகிற வரை அவரால் எழுந்து போக முடியாது. உட்கார்ந்திருப்பவருக்குச் செய்ய வேலையும் இருக்காது. அவ்வளவு நல்ல கணக்காளர் தன் மாலைப் பொழுதை இப்படிக் கழிப்பதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

டாஸில் இதற்கு நேர்வழி ஒன்று உண்டு. 1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டியுடன் வந்த டாஸ் 2.0, யுனிக்ஸ் என்ற இயங்குதளத்திலிருந்து சில யோசனைகளை எடுத்துக்கொண்டது. அதில் ஒன்று, நிரலுக்குப் போகும் உள்ளீட்டைக் கீபோர்டிலிருந்து கழற்றி ஒரு கோப்பில் மாட்டிவிடுவது. கட்டளைக்குப் பின்னால் ‘<’ குறியும் கோப்பின் பெயரும் போட்டால் போதும். ‘|’ குறி போட்டு ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாகவும் அனுப்பலாம். எக்கோ ஒய் என்று எழுதி, அந்தக் குழாய்க் குறியைப் போட்டு, டெல் *.* (எல்லாக் கோப்புகளையும் அழி) என்று முடித்தால், ‘நிச்சயமாகவா?’ என்ற கேள்விக்கு ஒய் தானாகவே போய்ச் சேரும். யுனிக்ஸில் குழாயின் இரு பக்கமும் உள்ள நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும். டாஸால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்ட முடியும். ஆகவே முதல் நிரலை முழுசாக ஓட்டி, அது சொன்னதையெல்லாம் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு இரண்டாவதிடம் அதை நீட்டும். எழுத முடியாதபடி பூட்டிய ஃப்ளாப்பியில் நின்றுகொண்டு இதைச் செய்தால் அந்தத் தற்காலிகக் கோப்புக்கு இடமில்லாமல் வேலை அங்கேயே நின்றுவிடும்.

இந்த வழியில் பிறந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தேதி வித்தை. இன்றைய தேதி என்ன என்று தெரிந்துகொள்ள டாஸ் பேட்ச் ஃபைலுக்கு வழியே கிடையாது. டேட் கட்டளை தேதியைத் திரையில் காட்டும், ஆனால் உடனே புதுத் தேதி கேட்டுக்கொண்டு நிற்கும். வெறும் என்டர் மட்டும் உள்ள ஒரு சின்னக் கோப்பை அதற்கு உள்ளீடாகக் கொடுத்தால், மாற்றம் இல்லை என்று எடுத்துக்கொண்டு முடிந்துவிடும். அது காட்டியதை ‘>’ போட்டு ஒரு கோப்பில் பிடித்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புக்கு டி.பேட் என்று பெயர் வைப்பதில்தான் வித்தையே இருக்கிறது. அதன் முதல் வரி ‘கரண்ட் டேட் இஸ் ட்யூ 10-01-1991’ என்று இருக்கும். டி.பேட்டை ஓட்டினால் டாஸ் அந்த வரியை ஒரு கட்டளை என்று நினைத்துப் படிக்கும். முதல் சொல் ‘கரண்ட்’. அப்படி ஒரு நிரல் டாஸில் கிடையாது. ஆனால் கரண்ட்.பேட் என்று ஒன்றை நாமே எழுதி வைத்துவிட்டால்? ‘டேட்’ அதன் முதல் பாராமீட்டர் (கட்டளையோடு கொடுக்கும் சொல்) ஆகிறது, ‘இஸ்’ இரண்டாவது, கிழமை மூன்றாவது, தேதி நான்காவது. கரண்ட்.பேட்டுக்குள் செட் கட்டளையால் நான்காவது பாராமீட்டரான %4ஐ ஒரு மாறியில் போட்டுக்கொண்டால் தேதி நம் கையில். டி.பேட்டின் இரண்டாவது வரியில் ‘புதுத் தேதி கொடு’ என்ற கேள்வி இருக்குமே, அதையும் டாஸ் ஓட்டப் பார்க்காதா? பார்க்காது. ஒரு பேட்ச் ஃபைல் இன்னொன்றை வெறுமனே பெயர் சொல்லி அழைத்தால் திரும்பி வருவதே இல்லை. மற்ற நேரங்களில் எல்லாரும் திட்டித் தீர்த்த அந்தக் குறை, இங்கே காவலாக நிற்கிறது. மூலப் பேட்ச் ஃபைல் டி.பேட்டை அழைக்கும்போது மட்டும், திரும்பி வரவைக்கும் கால் (CALL) கட்டளை போடவேண்டும். அது 1987ல் வந்த டாஸ் 3.3லிருந்து கிடைத்தது. இதை முதலில் யோசித்தவர் யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். மனிதர் படிப்பதற்காக எழுதிய ஒரு வாக்கியத்தை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், கட்டளையாக ஓட்டிவிட்டார்.

‘<’ வழியில் ஓர் ஆபத்து உண்டு. கோப்பில் எழுதி வைத்த பதில்கள் தீர்ந்த பிறகும் நிரல் இன்னொரு கேள்வி கேட்டால், பதில் வர இடமே இல்லை. கீபோர்டுதான் கழற்றப்பட்டுவிட்டதே. இயந்திரம் அப்படியே நிற்கும். ரீசெட் பொத்தான்தான் கதி.

சரி, லோட்டஸுக்கு வருவோம். கேஷியர் அண்ணன் தட்டும் விசைகளை ஒரு கோப்பில் எழுதி, ‘<’ போட்டு 1-2-3ஐத் தொடங்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. லோட்டஸ் தன் வெற்றுத் தாளைக் காட்டிக்கொண்டு கீபோர்டிலிருந்து விசை வரும் என்று காத்திருக்கும். நாம் எழுதிய கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஏன் என்று புரிய, விசை வரும் பாதையைப் பார்க்க வேண்டும். விரல் ஒரு விசையை அழுத்தியதும் இன்டரப்ட் 9 என்ற குறுக்கீட்டு அழைப்பு எழும். இயந்திரத்தோடே வரும் அடிப்படை நிரலான பயாஸ் அந்த விசையை வாங்கி, நினைவகத்தில் பஃபர் என்ற சின்ன இடத்தில் சேர்த்து வைக்கும். நிரலுக்கு விசை வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் கேட்கலாம். டாஸிடம் கேட்கலாம், அது இன்டரப்ட் 21, ஹெக்ஸ் என்ற பதினாறடிமானக் கணக்கில். அல்லது டாஸைத் தாண்டி நேராகப் பயாஸிடம் கேட்கலாம். அது இன்டரப்ட் 16, அதுவும் ஹெக்ஸில்தான். ‘<’ என்பது டாஸ் செய்து வைத்த ஏற்பாடு. டாஸிடம் வந்து கேட்பவருக்கு மட்டுமே அது கோப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். டேட், டெல், ஃபார்மேட் எல்லாம் டாஸிடம் கேட்பவை. லோட்டஸ் போன்ற பெரிய நிரல்கள் பயாஸிடம் போயின. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அம்புக்குறி விசைகளும் எஃப்1, எஃப்2 போன்றவையும் பயாஸ் வழியாக ஒழுங்காக வரும், கன்ட்ரோல்-சி தட்டினால் டாஸ் குறுக்கே புகுந்து நிரலை நிறுத்தாது, வேகமும் கூட. பயனர் கையில் நன்றாக நடந்துகொள்வதற்காகச் செய்த ஏற்பாடே, பேட்ச் ஃபைலின் குரல் காதில் விழாதபடி செய்துவிட்டது.

இந்தச் சிக்கல் டாஸோடு பிறந்தது என்றும் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய இயங்குதளமான சிபி/எம்மில் சப்மிட் என்று ஒரு நிரல் இருந்தது. கட்டளைகளை $$$.சப் என்ற கோப்பில் கடைசி வரி முதலில் வரும்படி தலைகீழாக அடுக்கி வைக்கும். சிபி/எம் அதன் வாலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டிவிட்டு, எடுத்ததைக் கோப்பிலிருந்து நறுக்கிவிடும். ஓடும் நிரலின் கேள்விகளுக்கும் அதே கோப்பிலிருந்து பதில் சொல்ல எக்ஸ்சப் என்று துணை நிரல் ஒன்றும் உண்டு. ஆனால் முழு வரியாக உள்ளீடு வாங்கும் அழைப்பு ஒன்றுக்கு மட்டும்தான் அது பதில் தரும். விசை விசையாக நேரடியாக வாங்கும் நிரல்களிடம் அதன் பாச்சா பலிக்காது. ஆக, கேள்வி அன்றும் ஒன்றுதான்: நிரல் தன் விசையை யாரிடம் போய்க் கேட்கிறது? அது தெரிந்துவிட்டால் எங்கே போய் நிற்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

லோட்டஸ் பயாஸிடம் கேட்கிறது. அப்படியானால் பயாஸின் பஃபரில் போய் நிற்கவேண்டும்.

அந்தப் பஃபர் நினைவகத்தின் தொடக்கத்திலேயே, ஐபிஎம் பிசியிலும் அதன் நகல்களிலும் ஒரே முகவரியில் இருந்தது. 1054ஆவது பைட்டிலிருந்து 1085 வரை 32 பைட். ஒரு விசைக்கு 2 பைட் பிடிக்கும். முதலாவது எழுத்தைக் குறிக்கும் ஆஸ்கி எண், இரண்டாவது கீபோர்டில் எந்த விசை என்பதைக் குறிக்கும் ஸ்கேன் எண். எஃப்1 போன்ற விசைகளுக்கு எழுத்து கிடையாது என்பதால் ஆஸ்கி இடத்தில் 0 இருக்கும், ஸ்கேன் எண் 59 என்பதை வைத்துத்தான் அது எஃப்1 என்று தெரியும். ஆக மொத்தம் 16 இடம். 1050ல், அடுத்து எடுக்க வேண்டிய விசை எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. 1052ல், அடுத்து வரும் விசையை எங்கே வைக்கவேண்டும் என்ற குறிப்பு. இரண்டும் சமமாக இருந்தால் பஃபர் காலி. 16 இடத்தையும் நிரப்பினால் அந்த இரண்டும் மறுபடி சமமாகிவிடும். நிறைந்த பஃபரும் காலியான பஃபரும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் பயாஸ் ஓர் இடத்தை எப்போதும் காலியாகவே விட்டுவைக்கும். 15 விசைதான் கொள்ளும். 16ஆவதைத் தட்டினால் பீப் சத்தம் வரும். நிரல் ஏதோ வேலையில் இருக்கும்போது பொறுமையில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பீப்பைக் கேட்டிருப்பார்கள்.

ஜிடபிள்யூ-பேசிக் மொழியில் நிரல் எழுதிய பலருக்கு இந்த எண்கள் மனப்பாடம். டெஃப் செக் = 0 போட்டு, 1052ல் இருப்பதைப் பீக்கால் (படி) எடுத்து 1050ல் போக் (எழுது) செய்தால் இரண்டும் சமமாகி, தட்டிக் குவிந்த விசைகள் எல்லாம் மறைந்துவிடும். விளையாட்டு எழுதியவர்கள் இதை அடிக்கடி பயன்படுத்தினார்கள். இதையே திருப்பிப் போட்டால் பஃபரைக் காலி செய்வதற்குப் பதில் நிரப்பலாம். 1054லிருந்து வேண்டிய எழுத்துகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எழுதவேண்டும். 1050ல் 30 வைக்கவேண்டும். 1052ல் 30ஓடு விசை எண்ணிக்கையின் இரு மடங்கைக் கூட்டி வைக்கவேண்டும். 30 எதற்கென்றால், அந்தக் குறிப்புகள் 1024ஆவது பைட்டிலிருந்து தள்ளி எண்ணப்படுபவை. 1024ஓடு 30 சேர்ந்தால் 1054. இவ்வளவுதான். இதைச் செய்துவிட்டு நிரலை முடித்துக்கொண்டால், பேட்ச் ஃபைலின் அடுத்த வரியில் தொடங்கும் நிரல் பயாஸிடம் விசை கேட்கும்போது, யாரோ முன்கூட்டியே தட்டி வைத்ததுபோல அவை வரிசையாகக் கிடைக்கும். விரல் தட்டியதா, நிரல் எழுதியதா என்று பயாஸால் பிரித்துச் சொல்ல முடியாது. விசை எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்து வைக்க அந்த 2 பைட்டில் இடமே இல்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையின் தாளுக்கு ஐந்தெழுத்தில் பெயர் என்று வைத்துக்கொள்வோம். சாய்கோடு, எஃப், ஆர், ஐந்து எழுத்து, என்டர் சேர்ந்து 9 விசை. அச்சுக்குச் சாய்கோடு, பி, பி, ஏ, ஜி, க்யூ என்று 6. இதிலேயே 15 ஆகிவிட்டது. லோட்டஸை விட்டு வெளியே வந்தால்தான் பேட்ச் ஃபைல் அடுத்த கடைக்குப் போக முடியும். அதற்குச் சாய்கோடு, க்யூ, ஒய் என்று இன்னும் 3 வேண்டும். 18 விசை, இடம் 15.

வழி, கோப்பின் பெயரில் இருந்தது. தாளின் பெயர் ஏன் ஐந்தெழுத்தாக இருக்கவேண்டும்? லோட்டஸைத் தொடங்குவதற்கு முன் பேட்ச் ஃபைலே அந்தக் கடையின் தாளை எஸ்.டபிள்யூகே1 என்ற பெயரில் நகல் எடுத்துவிடட்டும். லோட்டஸ் திறப்பது எப்போதும் எஸ்ஸைத்தான். சாய்கோடு, எஃப், ஆர், எஸ், என்டர் 5, அச்சுக்கு 6, வெளியே வர 3. மொத்தம் 14. ஓர் இடம் மிச்சம்கூட இருந்தது. இதில் இன்னொரு வசதியும் தானாக வந்து சேர்ந்தது. எந்தக் கடையானாலும் விசைகள் அச்சு அசலாக ஒன்றே. எனவே விசை நிரப்பும் நிரலுக்குப் பாராமீட்டர் எதுவும் தேவையில்லை. பேசிக்கில் சோதித்துப் பார்த்துவிட்டு, டாஸோடு வரும் டிபக் என்ற கருவியில் அசெம்பிளி வரிகளாகத் தட்டி, நேராக ஓடக்கூடிய ஒரு குட்டி .காம் கோப்பாக ஆக்கிக்கொண்டேன். கடைகளின் பெயர்களைப் பட்டியலாகக் கொடுத்த ஒரு ஃபார் வரி, ஒவ்வொன்றுக்கும் நகல் எடு, விசை நிரப்பு, லோட்டஸைத் தொடங்கு என்று மூன்று வரிப் பேட்ச் ஃபைல், அவ்வளவுதான். கடைக்கு ஒரு தரம் லோட்டஸ் முதலிலிருந்து ஏறவேண்டும். எக்ஸ்டியில் அதற்கு நேரமாகும். ஆனால் அந்த நேரத்துக்கு யாரும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

முதல் நாள் கேஷியர் அண்ணன் பிரிண்டரையும் கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, நான் கையே வெக்கலீங்களே, அதும்பாட்டுக்குத் தாளை எடுக்குது, அடிக்குது, மூடுதுங்களே!” என்றார். “நீங்க தட்டறதைத்தானுங்கண்ணா அதுவும் தட்டுது” என்றேன். ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு விசையைத் தெரியாமல் அழுத்தினால் அதுவும் வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்துவிடும் என்று சொன்னதும், அவரே கீபோர்டின் மேல் உறையைப் போட்டு மூடினார். அன்றைக்கு ஆறரை மணிப் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

15க்குள் அடங்காத வேலைகளுக்கு வேறு வழி இருந்தது. பஃபரில் எழுதுவதற்குப் பதிலாக, நினைவகத்திலேயே தங்கிவிடும் ஒரு நிரல் இன்டரப்ட் 16ஐத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். யார் பயாஸிடம் விசை கேட்டாலும் முதலில் அதுதான் பதில் சொல்லும். தன் கையிருப்பு தீர்ந்த பிறகே உண்மையான பயாஸிடம் அனுப்பும். 1980களின் நடுவில் பிசி மேகசின் இதழுக்காக சார்ல்ஸ் பெட்ஸோல்ட் எழுதிய கீ-ஃபேக் இந்த வகையில் பெயர் பெற்றது. தட்டவேண்டிய எழுத்துகளை மேற்கோள் குறிக்குள் கொடுத்து, என்டருக்கு 13 என்று எழுதினால் போதும். அந்தக் காலத்தில் இதழ்கள் இத்தகைய குட்டி நிரல்களை அச்சிட்ட பட்டியலாகவே கொடுக்கும். வாசகர்கள் அதைப் பார்த்துத் தட்டி, டிபக்குக்கு ‘<’ போட்டு ஊட்டி, .காம் கோப்பை உருவாக்கிக்கொள்வார்கள். விசைகளைத் தானாகத் தட்டும் கருவியை உருவாக்கவே விசைகளைக் கோப்பிலிருந்து ஊட்டவேண்டியிருந்தது. சென்னைக்குப் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் இந்தப் பட்டியல்களுக்காகவே வெளிநாட்டு இதழ்களைத் தேடி வாங்கியிருக்கிறேன். அட்டை கிழிந்திருந்தால் பரவாயில்லை, பட்டியல் உள்ள பக்கம் இருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்ப்பேன்.

விற்பனைக்கு வந்தவையும் உண்டு. ரோஸ்சாஃப்டின் புரோகீ, 1985ல் போர்லண்ட் கொண்டுவந்த சூப்பர்கீ இரண்டும் நாம் தட்டுவதைப் பதிவு செய்துகொண்டு, ஒரே விசையில் திரும்பத் தட்டிக்காட்டும். ஆனால் அந்த ஒரு விசையைத் தட்ட ஆள் வேண்டுமே. பேட்ச் ஃபைலுக்கென்றே எழுதப்பட்டது ஸ்டாக்கீ. அதை எழுதியவர்கள் பேரி சைமன், ரிச்சர்ட் வில்சன் என்ற இருவர், அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்துக் கணிதவியலாளர்கள். குவாண்டம் இயக்கவியலின் கணிதத்தில் உலகப் பெயர் பெற்ற சைமன் பேட்ச் ஃபைலுக்காக உட்கார்ந்து நிரல் எழுதினார் என்பது எனக்கு ரொம்பச் சந்தோஷமான செய்தி. தொல்லை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. விசையை அனுப்புகிறவர் திரையைப் பார்ப்பதில்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டு போன பையன் கேள்வித்தாள் மாறியிருந்தாலும் தான் படித்த பதிலையே வரிசையாக எழுதிவிட்டு வருவதுபோல, அந்தப் பக்கம் என்ன கேட்டாலும் இங்கே உள்ளதுதான் போகும். டாஸ் 3.3ல் ஃபார்மேட்டுக்கு இரண்டு பதில் போதும். டிஸ்கைச் செருகியதற்கு ஓர் என்டர், ‘இன்னொன்று ஃபார்மேட் செய்யவா?’ என்பதற்கு ஓர் என் (N). டாஸ் 4லிருந்து ஃபார்மேட் இடையில் டிஸ்குக்கு ஒரு பெயரும் கேட்கத் தொடங்கியது. பழைய பதில் கோப்பை அதற்குக் கொடுத்தால் டிஸ்கின் பெயர் ‘N’ என்று ஆகிவிடும். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் இயந்திரம் நின்றுவிடும். லோட்டஸ் 2.2ல், மாற்றிய தாளைச் சேமிக்காமல் வெளியேறினால் இன்னொரு தரம் கேட்கும் வழக்கம் வந்தது. மனிதருக்கு அது பெரிய உதவி. சாய்கோடு, க்யூ, ஒய் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்ட விசை வரிசைக்கு, நடுராத்திரியில் யாரும் இல்லாத அறையில் வந்து நிற்கும் கேள்வி.

சில நிரல்கள் தொடங்கியதும் பஃபரைத் துடைத்துவிட்டுத்தான் முதல் விசையை எடுக்கும். டாஸிலேயே, துடைத்துவிட்டுப் படி என்று ஓர் அழைப்பு இருக்கிறது. தெரியாமல் தட்டிய ஒய், அழிக்கவா என்ற கேள்விக்குப் பதிலாகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். நான் அதற்குக் கட்சி. எக்கோ ஒய் குழாயை டெல் *.*க்குக் கொடுப்பதை இந்தப் பதிவில் எழுதினாலும், யாருக்கும் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். அழிப்பதற்கு முன் ஒரு மனிதரிடம் கேட்கவேண்டும் என்று ஒருவர் யோசித்து வைத்த கேள்வி அது. அச்சடிக்கவா, திறக்கவா என்ற கேள்விகளுக்குக் கோப்பு பதில் சொல்லட்டும்; திரும்பக் கொண்டுவர முடியாததைச் செய்யவா என்ற கேள்வியை மனிதருக்கு விட்டுவிடவேண்டும்.

குருட்டுத்தனத்துக்கு மாற்று தேடியதில்தான் எனக்கு அதிகம் பிடித்த வேலை வாய்த்தது. டாஸ் நிரல் எழுதுவதெல்லாம் திரையில் தெரிகிறது. திரையும் நினைவகத்தில்தான் இருக்கிறது. 80 எழுத்து, 25 வரி, எழுத்துக்கு 2 பைட் என்று 4000 பைட். கலர் கார்டு என்றால் ஹெக்ஸில் பி800 என்ற பிரிவிலும், எங்களிடம் இருந்த பச்சைத் திரைக் கார்டு என்றால் பி000 பிரிவிலும். பஃபரில் எழுத விட்டதுபோலவே, டாஸ் திரையை எட்டிப் பார்க்கவும் விடும். லோட்டஸின் முதல் வரியின் வலது ஓரத்தில் அது என்ன நிலையில் இருக்கிறது என்று எப்போதும் காட்டும். வேலையாக இருந்தால் வெயிட், மெனுவில் இருந்தால் மெனு, அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தால் ரெடி. இயந்திரத்தின் கடிகார இன்டரப்ட் நொடிக்கு ஏறத்தாழ 18 முறை அடிக்கும். அதோடு ஒட்டிக்கொண்ட ஒரு குட்டி நிரல், ஒவ்வொரு அடிக்கும் அந்த வலது ஓரத்தைப் பார்க்கும். ரெடி தெரிந்தால் அடுத்த கட்டளையின் விசைகளைப் பஃபரில் வைக்கும். தெரியாவிட்டால் சும்மா இருக்கும். இதனால் 15 என்ற வரம்பும் போயிற்று, பஃபரைத் துடைக்கும் சிக்கலும் போயிற்று. எதிர்பாராத கேள்வி வந்தால் ரெடி வராது, விசைகளும் போகாது. தப்பான இடத்தில் தட்டுவதைவிடச் சும்மா நிற்பது எவ்வளவோ மேல். 1990ல் யுனிக்ஸ் உலகில் டான் லைப்ஸ் எழுதிய எக்ஸ்பெக்ட் இதையே முறையாகச் செய்தது. இந்த வாசகம் வந்தால் இந்தப் பதிலை அனுப்பு என்று வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். அங்கே நிரலின் வெளியீடு எழுத்தோடையாக வருவதால் திரை நினைவகத்தைத் துழாவ வேண்டியதில்லை.

கீபோர்டைத் தவிர வேறு வாசல் வைத்த நிரல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். டிபேஸ் என்ற தரவுத்தள நிரலுக்குத் தொடங்கும்போதே, அதன் கட்டளைகள் எழுதிய ஒரு பிஆர்ஜி கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டால் அதை ஓட்டும். வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற எழுத்துச் செயலிக்கு எந்த மேக்ரோவோடு (பதிந்து வைத்த விசைத் தொடர்) தொடங்கவேண்டும் என்று கட்டளை வரியிலேயே சொல்லலாம். லோட்டஸிலும் தாளுக்குள்ளேயே ‘\0’ என்ற பெயரில் மேக்ரோ எழுதி வைத்தால் தாள் திறந்ததும் அது ஓடும். அப்படியானால் விசை நிரப்புவானேன் என்று கேட்கலாம். கடைகளின் தாள்கள் எங்களுடையவை அல்ல. மாதக் கடைசியில் ஃப்ளாப்பியில் கடைக்காரர்களுக்கே திரும்பப் போகும். அவர்கள் தங்கள் தாளைத் திறக்கும்போது பிரிண்டர் தானாக ஓடக்கூடாது. தாளைத் தொடாமல் வேலை நடக்கவேண்டும் என்பதுதான் எங்கள் தேவை. தட்டவேண்டிய விசைகளைக் கட்டளை வரியில் ஒரு கோப்பின் பெயராக லோட்டஸ் வாங்கிக்கொண்டிருந்தால் பஃபர் வரை போயிருக்கவே வேண்டாம். ஒரு நிரலை எழுதுகிறவர், இதை மனிதர் மட்டும்தான் ஓட்டுவார் என்று எண்ணிவிட்டால், அந்த எண்ணத்தின் விலையை யாரோ ஒரு கேஷியர் மாலை மாலையாகக் கொடுக்கிறார். இன்றும் ஏதாவது நிரல் எழுதினால் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

ஐபிஎம்மே பிறகு இந்தத் தேவையை ஏற்றுக்கொண்டது. எக்ஸ்டிக்கு அடுத்து வந்த ஏடி இயந்திரங்களின் பிந்தைய பயாஸ்களிலும் 1987ல் வந்த பிஎஸ்/2 இயந்திரங்களிலும் இன்டரப்ட் 16ல் 5 என்ற எண்ணுடன் ஓர் அழைப்பு சேர்ந்தது. ஒரு விசையைக் கொடுத்தால் பஃபரில் முறையாகச் சேர்த்துவிடும், இடமில்லை என்றால் அதையும் சொல்லும். 1050, 1052 என்று யாரும் நினைவகத்தில் கைவிட வேண்டியதில்லை.

பழைய டாஸ் நிரல்களை இன்று ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இன்றைய கம்ப்யூட்டரில் டாஸைப் போல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கில் ஆட்டோடைப் என்ற கட்டளை இருக்கிறது. பேட்ச் ஃபைலில் நிரலைத் தொடங்கும் வரிக்கு முன்னால் அதை எழுதவேண்டும். முதல் விசைக்கு முன் எத்தனை நொடி காத்திருக்கவேண்டும், விசைக்கும் விசைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று சொல்லிவிட்டு, விசைகளின் பெயர்களை வரிசையாகக் கொடுக்கலாம். நடுவில் கமா போட்டால் கூடுதலாக ஓர் இடைவெளி. 15 என்ற கணக்கெல்லாம் இல்லை. ஆனால் இதுவும் திரையைப் பார்ப்பதில்லை, நேரத்தை எண்ணித்தான் தட்டுகிறது. எனவே முயல்கிறவர்கள் முதல் காத்திருப்பைத் தாராளமாகவே வையுங்கள், தாள் திறந்த பிறகும் அச்சு முடிந்த பிறகும் இரண்டிரண்டு கமா சேர்த்துக்கொள்ளுங்கள்.